பலூன் பம்ப் ஏன் இப்படி சூடாகுது? கருகுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க, தடுக்க ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் ஒரு காதுகுத்துக்கு டெக்கரேஷன் பிடிச்சிருந்தேன். மண்டபத்துல ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்ள விட்டாங்க, விடியறதுக்குள்ள 800 பலூன் ஊதி ஆர்ச் கட்டணும், நானும் கூட வந்த பையனும் ஜமக்காளத்த விரிச்சு நடுவுல பம்ப்ப வச்சு உக்காந்துட்டோம். முந்நூறு வரைக்கும் ஒண்ணும் தெரியல. அப்புறம் சத்தம் லேசா கீச்சுனு மாறுச்சு, "புதுசுல்லண்ணே, அப்படித்தான் இருக்கும்"னான் பையன், நானும் விட்டுட்டேன். நானூறு சொச்சத்துல வார்னிஷ் கருகுற வாடை, ஒரு இழுப்பு புகை, அவ்ளோதான் முடிஞ்சுது. மிச்சத்த கைப்பம்ப்ல ஊதி ஊதி காலைல பந்தி நேரத்துல தோளத் தூக்கி சோறு திங்க முடியல.

அடுத்த நாள் மோட்டார் காயில் (உள்ள சுத்தியிருக்குற செம்புக் கம்பி) கட்டுற அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். அவர் வேற எதையும் பாக்கல, பம்ப்பத் தலைகீழா திருப்பினாரு. காத்து உள்ள போற ஜன்னல் முழுக்க ஜமக்காளத்துப் பஞ்சு. "தம்பி, இது உழைச்சுச் சாகல, மூச்சுமுட்டிச் செத்துருக்கு"ன்னாரு.

கீழ எழுதிருக்குறதுல பாதி அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான், மீதி அதுக்கப்புறம் நானே ரெண்டு மூணு பம்ப்ப பிரிச்சுப் போட்டு கத்துக்கிட்டது.

உள்ள என்னதான் நடக்குது

நாம டெக்கரேஷனுக்கு வச்சிருக்குற ரெண்டு நாசில் (காத்து வெளிய வர்ற மூக்கு) பம்ப் பெரும்பாலும் 600 வாட்ஸ். உள்ள இருக்குறது மிக்ஸில இருக்குற அதே ஜாதி மோட்டார்தான், கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்த உரசிக்கிட்டே கரண்ட் கொடுக்குற கரித்துண்டு) வச்சது, பயங்கர வேகமா சுத்தும். அது ஒரு சின்ன ஃபேனச் சுத்தும், அந்த ஃபேன் வெளிக்காத்த உள்ள இழுத்து நாசில் வழியா தள்ளும்.

600 வாட்ஸ்னா எவ்ளோன்னு புரியணும்னா, வீட்ல இருக்குற சின்ன அயர்ன் பாக்ஸ் 750 வாட்ஸ். அதாவது ஒரு அயர்ன் பாக்ஸுக்கு கொஞ்சம் கம்மியான கரண்ட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள விடுறோம், அதுல ஏறக்குறைய முழுசும் கடைசில சூடாத்தான் மாறுது. அப்போ அந்த சூடு எங்க போகுது? இங்கதான் விஷயமே. பெரும்பாலான சின்ன பம்ப்ல பலூனுக்குள்ள போற காத்து மோட்டார் காயில உரசிக்கிட்டேதான் போகுது, அந்தக் காத்துதான் மோட்டாரக் குளிர வைக்குது, தனியா கூலிங்னு ஒண்ணும் கிடையாது. அதனாலதான் நாசில்ல கை வச்சா காத்து வெதுவெதுன்னு வருது. அது வரவேண்டிய சூடு, வெளிய போயிட்டிருக்கு, நல்லது. காத்து ஓட்டம் நின்னா அந்த சூடு உள்ளயே தங்கிடும்.

இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. காத்து வழிய அடைச்சா பம்ப்பு திணறி மெதுவாகும்னு நினைப்போம், ஆனா இந்த மாதிரி ஃபேன் அடைபட்டா வேகம் கூடும், சத்தம் மேல ஏறும். வாக்குவம் கிளீனர் குழாய கையால பொத்தினா ஊய்ங்குனு ஏறும்ல, அதேதான். தள்ளறதுக்கு காத்து இல்லாததால ஃபேனுக்கு வேலை கம்மி, அதனால இன்னும் வேகமா சுத்துது, ஆனா குளிரவைக்க காத்தே இல்ல. சத்தம் கூடினதும் "ஆஹா நல்ல பவர்"னு நினைக்காதீங்க. நான் நினைச்சேன்.

சூடாகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது

காதுதான் முதல்ல சொல்லும். ஒரே சீரா ஓடிட்டு இருந்தது திடீர்னு கீச்சுனு மேல ஏறினா காத்து வழி அடைபட்டிருக்கு. நேர்மாறா சத்தம் கனத்து, இழுத்து இழுத்து, ஸ்விட்ச் போட்டதும் வேகம் பிடிக்க நேரம் எடுத்தா தண்டு சுத்துறத தாங்குற பேரிங்கோ புஷ்ஷோ இறுகுது, இல்ல வோல்டேஜ் விழுது. கரகரன்னு உரசுற சத்தம் வந்தா ஃபேன் எங்கயோ உரசுது, உடனே நிறுத்திடுங்க.

அடுத்தது மூக்கு. புது பம்ப்பு முதல் ரெண்டு மூணு தடவை லேசா வாடை அடிக்கும், அது கழியும். இடி மின்னல் அடிச்ச மாதிரி ஒரு கூர்மையான வாடை வந்தா அது பிரஷ்ல வர்ற பொறியால, லேசா இருந்தா பரவால்ல. வார்னிஷ், இனிப்பும் கசப்புமா தொண்டைய அறுக்குற வாடை வந்தா அது காயில் கம்பி மேல பூசின இனாமல் கருகுறது. இந்த வாடைய ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க, இதுக்கு மேல ஒரு பலூன் கூட ஊதக் கூடாது, "இந்த ஒரு பாக்கெட் மட்டும்"ங்கிற பேச்சே வேண்டாம்.

தொட்டுப் பாக்குறது புறங்கையால. உள்ளங்கையால தொட்டா தோல் தடிப்புல சூடு சரியா தெரியாது. பம்ப் உடம்புல புறங்கைய வச்சு மெதுவா அஞ்சு எண்ணுங்க, அஞ்சு எண்றதுக்குள்ள கைய எடுக்கத் தோணுச்சுன்னா நிறுத்துற நேரம் வந்தாச்சு. வெளி பிளாஸ்டிக் அந்த சூட்ல இருந்தா உள்ள காயில் அதவிட ரொம்ப ரொம்ப அதிகமா இருக்கும். பம்ப்பு மட்டும் இல்ல, பிளக்கயும் பாருங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பிளக்கக் கழட்டினதும் பின்ன தொடாம பிளாஸ்டிக் பக்கம் தொட்டுப் பாருங்க, அது சூடா இருந்தா கோளாறு பெரும்பாலும் பம்ப்புல இல்ல, சாக்கெட்ல.

கண்ணுக்குத் தெரியறது கடைசிலதான். ஜன்னல் வழியா பாத்தா பிரஷ் ஓரம் குட்டி நீலப் பொறி இருக்கும், சகஜம். ஆரஞ்சு கலர்ல வளையமா சுத்தி சுத்தி தீ ஓடுச்சுன்னா பிரஷ்ஷோ காயிலோ போச்சு. பிளாஸ்டிக் நிறம் மாறுறது, நாசில் அடிப்பக்கம் நெளியறது எல்லாம் ரொம்ப லேட்.

ஒண்ணு யாரும் சொல்லித் தராதது, பலூனே காட்டிக்கொடுக்கும். சைஸ் பாக்ஸ்ல (பலூன் அளவு பாக்குற ஓட்டை போட்ட பெட்டி) 10 இன்ச்னு அளந்து ஊதின பலூன் அரை மணி நேரம் கழிச்சு பாத்தா சின்னதா இருக்கா? சூடான காத்து ஆறினா சுருங்கும். 55 டிகிரில உள்ள போன காத்து 30 டிகிரிக்கு வந்தா கொள்ளளவு 7, 8 சதவீதம் குறையும், 10 இன்ச் பலூன்ல அது கால் இன்ச். ஆரம்பத்துல ஊதினதும் கடைசில ஊதினதும் ஒரே கார்லண்ட்ல (பலூன் மாலை) ஒண்ணா நிக்கலன்னா, பம்ப்பு நடுவுல சூடேறிருக்குன்னு அர்த்தம். கஸ்டமர் கூட அத கண்டுபிடிச்சிடுவாங்க, கோணலா இருக்குன்னு.

படி 1: லேபிளப் படிங்க

வாங்கினதும் அடில ஒட்டிருக்குற ஸ்டிக்கர போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, ஆறு மாசத்துல அழிஞ்சிடும்.

வோல்டேஜ் 220-240ன்னு இருக்கணும். வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்தது, இல்ல ஆன்லைன்ல சல்லிசா வந்ததுன்னு சிலது 110 வோல்ட்ல இருக்கும், கன்வெர்ட்டர் பின் மாட்டினா வோல்டேஜ் மாறாது, ரெண்டு மடங்கு வோல்டேஜ்ல தாறுமாறா சுத்தி சில நொடிலயே புகைஞ்சிடும்.

அடுத்து எவ்ளோ நேரம் ஓட்டலாம்னு இருக்கா பாருங்க. "எஸ்2" (S2) இல்ல "கேபி"ன்னு (KB) போட்டு பக்கத்துல நிமிஷம் போட்டிருந்தா, அவ்ளோ நிமிஷம் ஓட்டி முழுசா ஆறவிட்டுத்தான் திரும்பப் போடணும்னு அர்த்தம். "எஸ்1"னா தொடர்ந்து ஓடும், பலூன் பம்ப்ல நான் அத பாத்ததில்ல. நம்ம மிக்ஸி அடில 5 நிமிஷம் ஓட்டி 2 நிமிஷம் நிறுத்துன்னு போட்டிருப்பான்ல, அதே கதைதான். சதுரத்துக்குள்ள ஒரு சதுரம் வரைஞ்சிருந்தா ரெட்டை இன்சுலேஷன், அதுக்கு எர்த் பின் இல்லாம ரெண்டு பின்னோட வர்றது தப்பில்ல. அந்தக் குறியும் இல்லாம ரெண்டு பின்னும் இருந்தா எனக்கு நம்பிக்கை வராது.

படி 2: எங்க வைக்கிறீங்க

என் பம்ப்ப கொன்னது இதுதான். அடில ஜன்னல் இருக்குற பம்ப்ப ஜமக்காளம், பாய், வெல்வெட் துணி, கார்பெட், மெத்தை, மடி, எதுமேலயும் வைக்கக் கூடாது. இப்ப நான் ஒரு பிளைவுட் பலகை, A4 பேப்பர விட கொஞ்சம் பெரிசு, அதுல நாலு மூலைலயும் ரப்பர் புஷ் அடிச்சு கூடவே கொண்டுபோறேன். பலகை கிடைக்கலன்னா மண்டபத்து எவர்சில்வர் தட்ட கவுத்துப் போட்டு அது மேல வச்சாலும் போதும், சுத்தி ஒரு ஜாண் இடம் விடுங்க.

டெக்கரேஷன் நடக்குற இடத்துல தரைல என்னென்ன கிடக்கும்னு யோசிங்க. வெடிச்ச பலூன் துண்டு, கான்ஃபெட்டி, கிளிட்டர், ட்ரான்ஸ்பரன்ட் பலூன்ல போடுற தெர்மாகோல் குட்டி உருண்டை, பூ உதிரி, ஜரிகை. எல்லாத்தயும் பம்ப்பு உறிஞ்சிடும். ரப்பர் துண்டு ஜன்னல்ல ஒட்டிக்கிச்சுன்னா காத்து பாதி போச்சு. தெர்மாகோல் உருண்டை போடுற வேலைய பம்ப்புக்கு எதிர் மூலைல பண்ணுங்க.

வெயில்ல வைக்காதீங்க. மே மாசம் மொட்டை மாடில 40 டிகிரில ஓட்டினா உள்ள போற காத்தே சூடு, அது என்னத்த குளிர வைக்கும்.

இதோட முக்கியமான ஒண்ணு, கேஸ் பலூன் பக்கத்துல இந்த பம்ப்ப ஓட்டவே கூடாது. நம்ம ஊர்ல பறக்குற பலூன்னு விக்கிறதுல நிறைய ஹீலியம் இல்ல, ஹைட்ரஜன், விலை கம்மின்னு. கார்பன் பிரஷ் மோட்டார்ல எப்பவும் பொறி இருக்கும். 2020 செப்டம்பர்ல சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு விழாவுல கேஸ் பலூன் கொத்து மொத்தமா தீப்பிடிச்சு நிறைய பேருக்கு தீக்காயம் ஆச்சு, வீடியோ பாத்திருப்பீங்க, அங்க பட்டாசுன்னாங்க, ஆனா பொறி எங்க இருந்து வந்தா என்ன.

படி 3: கரண்ட் பக்கம்

600 வாட்ஸ் பம்ப்பு நம்ம 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 2.6 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்விட்ச் போடுற அந்த நொடில இன்னும் கூட. ஒரே 6 ஆம்ப்ஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு பம்ப்பு, ஒரு குளூ கன், சீரியல் லைட் எல்லாம் மாட்டினா பாக்ஸ் நிறைஞ்சாச்சு. சல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரு நூல் மாதிரி இருக்கும், அது சூடேறி வோல்டேஜ் விழும், பம்ப்பு மெதுவாகும், மெதுவானா ஒரு பலூனுக்கு 2 செகண்டுக்கு பதிலா 4 செகண்ட், மோட்டார் அவ்ளோ நேரம் கூட ஓடணும். டிரம்ல சுத்தின வயர்னா முழுசா உருவி விட்டுட்டு யூஸ் பண்ணுங்க, சுருட்டி வச்சு லோடு கொடுத்தா சூடு அதுக்குள்ளயே தங்கி வயர் உருகும்.

ஜெனரேட்டர்ல ஓடும்போது உஷாரா இருங்க, சில சின்ன ஜெனரேட்டர் 260 வோல்ட் வரைக்கும் ஏத்திவிடும், லைட்டெல்லாம் பளிச்சுனு எரிஞ்சா பம்ப்ப போடாதீங்க. கார் இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு கேக்குறாங்க, 150, 200 வாட்ஸ் இன்வெர்ட்டர்ல 600 வாட்ஸ் எப்படி ஓடும், விட்டுடுங்க.

படி 4: ஊதுற முறை

நிக்காம ஓடிட்டே இருக்குற ஆட்டோ மோட், அமுக்கினா ஓடுற மோட் ரெண்டும் இருக்கும். எது நல்லதுன்னு பெரிய சண்டையே நடக்கும், கணக்கு போட்டா தெரிஞ்சிடும். 800 பலூன், ஒண்ணுக்கு 2 செகண்ட்னா 1600 செகண்ட், அரை மணி நேரம் கூட இல்ல. ஆனா ஆட்டோல போட்டுட்டு நீங்க ஒருத்தரே மாட்டி, எடுத்து, முடிச்சு போட்டு அடுத்தது எடுக்குறதுக்கு 10 செகண்ட் ஆகும்னா 8000 செகண்ட், ரெண்டேகால் மணி நேரம் மோட்டார் சும்மா ஓடிட்டே இருக்கும். தனியா வேலை பண்றவங்க அமுக்குற மோட்லயே இருங்க. ரெண்டு மூணு பேர் முடிச்சு போட, நாசில் காலியாவே இல்லன்னா ஆட்டோ சரி. அமுக்குற மோட்லயும் டக் டக்னு அரை அரை செகண்ட் தட்டாதீங்க, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அதிக கரண்ட் இழுக்கும், ஒரே அமுக்குல ஊதி விடுங்க.

ஓய்வு எவ்ளோ? லேபிள்ல இருந்தா அதான் சட்டம். இல்லன்னா நான் பத்து நிமிஷம் ஓட்டி பத்து நிமிஷம் ஆறவிடுறேன், கோடைல ஏழு நிமிஷத்துக்கு மேல விடுறதில்ல. போன்ல டைமர் வைங்க, மனசுல எண்ணினா கண்டிப்பா மறந்துடும். ஆறுற நேரத்துல முடிச்சு போடுறது, நாலு நாலா கொத்து கட்டுறதுன்னு வேலைய மாத்திக்கிட்டா நேரம் வீணாகாது. பெரிய ஆர்டர்னா ரெண்டு பம்ப்பு எடுத்துட்டுப் போய் மாத்தி மாத்தி போடுறதுதான் உருப்படியான வழி.

36 இன்ச் பெரிய பலூன் வந்தா தனியா கணக்கு வைங்க. 10 இன்ச் பலூன் முழுசா ஊதினா சுமார் எட்டரை லிட்டர் காத்து, 36 இன்ச்சுக்கு 400 லிட்டர். அதாவது ஒரு பெரிய பலூன் சுமார் 47 சின்ன பலூனுக்கு சமம். அத கடைசில வைக்காதீங்க, பம்ப்பு ஆறி இருக்கும்போது முதல்லயே ஊதிடுங்க.

இதெல்லாம் விட மோட்டார ரொம்ப வாட்டுறது குறுகலான வழில ஊதுறதுதான். நாய், வாள் செய்யிற நீள பலூன், 260ன்னு சொல்லுவோமே, அத இந்த பம்ப்ல ஊத முயற்சி பண்ணாதீங்க, அதுக்கு வேண்டிய அழுத்தம் இதுல வராது, காத்து உள்ள போகாம நிக்கும், மோட்டார் மட்டும் கத்திட்டிருக்கும். அதுக்கு கைப்பம்ப்பு இல்ல தனி பம்ப்பு. ஃபாயில் எழுத்து பலூனும் அப்படித்தான், மெல்லிசு ஸ்ட்ரா வழியா பம்ப்ப வச்சு ஊதினா காத்து ஓட்டம் ரொம்ப கம்மி, பதிமூணு எழுத்து ஹாப்பி பர்த்டே செட்டு ஊதி முடிக்கிறதுக்குள்ள பம்ப்பு கொதிச்சிடும். ஸ்ட்ராவ வாயில வச்சே ஊதிடுங்க, அது பெரிய வேலை இல்ல. 5 இன்ச் குட்டி பலூன் முதல் ஊதல்ல முறைக்கும், மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு இழுப்பு இழுத்து விட்டா சட்டுனு வழி விடும்.

படி 5: சூடாயிடுச்சு, இப்ப என்ன

ஸ்விட்ச் ஆஃப், பிளக்க கழட்டு, பலகை மேல வச்சு டேபிள் ஃபேன் முன்னாடி விடு. ஈரத்துணி சுத்துறது, ஐஸ் வைக்கிறது எல்லாம் வேண்டாம், உள்ள கரண்ட் சமாச்சாரம் இருக்கு. ஆஃப் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு தொட்டா முன்ன விட சூடா இருக்கும், பதறாதீங்க, காத்து நின்னதால உள்ள இருந்த சூடு மெல்ல வெளி ஓட்டுக்கு வருது. அதனாலதான் "அஞ்சு நிமிஷம் ஆச்சு போதும்"னு திரும்ப போடக் கூடாது.

தானா நின்னுடுச்சா? சில பம்ப்ல காயிலோட ஒரு தெர்மல் கட்-ஆஃப், அதாவது சூடு மீறினா கரண்ட்ட நிறுத்துற ஃபியூஸ், இருக்கும். சிலது ஆறினதும் தானா ஓடும், அதனால ஸ்விட்ச் ஆன்லயே விட்டுட்டு உள்ள விரல் விடாதீங்க. சிலது ஒரு தடவை போனா போனதுதான், மாத்தணும். ரிப்பேர் கடைல "இத நேரா சேத்து விட்டுர்றேன், ஓடும்"னு சொல்லுவாங்க, ஓடும்தான், அடுத்த தடவை நிறுத்த எதுவும் இருக்காது. அதே டிகிரி எண் போட்ட ஃபியூஸ்தான் போடணும்.

புகையோ தீயோ வந்தா பிளக்க பிடுங்க போகாம மண்டபத்து போர்டுல கரண்ட்ட நிறுத்துற எம்சிபி ஸ்விட்ச்ச தட்டுங்க, பிளக்கே உருகி இருக்கலாம். தண்ணி ஊத்தாதீங்க, பவுடர் இல்ல கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எங்க தொங்குதுன்னு வேலை ஆரம்பிக்கும்போதே பாத்து வைங்க. நம்மள சுத்தி இருக்குறது ஸாட்டின், நெட்டு, தெர்மாகோல், பேப்பர் பூ, எல்லாமே பத்திக்கிற சாமான்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

பிளக்க கழட்டிட்டு பெயின்ட் பிரஷ்ல ஜன்னல ஒவ்வொரு ஆர்டருக்கு அப்புறமும் தட்டி விடுங்க. உள்ள ஸ்பான்ஞ்ச் இருந்தா சோப்புத் தண்ணில அலசி, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க, ஈரத்தோட மாட்டினா ஈரம் நேரா காயிலுக்குத்தான் போகும். பஞ்சர் கடைல கொண்டுபோய் காத்து அடிக்காதீங்க, ஃபேன் தாறுமாறா சுத்தி பேரிங் போகும், கம்ப்ரஸர் காத்துல தண்ணியும் வரும்.

பிரஷ் புது நீளத்துல மூணுல ஒரு பங்கா தேஞ்சிருந்தா ரெண்டயும் ஜோடியா மாத்துங்க. புஷ் இறுகினா தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு, புஷ்ல மட்டும், பிரஷ் உரசுற செம்பு உருளைல படக் கூடாது. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக பிசினாகி இன்னும் இறுகும், பாட்டி காலத்து ஃபேனுக்கு விட்டோமேன்னு ஆரம்பிக்காதீங்க.

சூடா இருக்கும்போதே பைல திணிச்சு டிக்கில போடாதீங்க. குடோன்ல வைக்கிறவங்க டப்பாக்குள்ள வைங்க, வயர எலி கடிச்சிருச்சான்னு எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை உருவிப் பாருங்க.

கருகினத சரி பண்ணலாமான்னா, பிரஷ், ஸ்விட்ச், வயர், புஷ் வரைக்கும் பண்ணலாம். ஆர்மேச்சர் (மோட்டார்ல சுத்துற காயில் பாகம்) கருகிட்டா அண்ணன் கேக்குற கூலியும் புது பம்ப்பு விலையும் பக்கத்துல பக்கத்துல வந்துடும், கட்டினாலும் பழைய பேலன்ஸ் வராம அதிரும். என் பழைய பம்ப்ப கட்டல. நாசில் ரெண்டயும் கழட்டி ஸ்பேருக்கு வச்சிருக்கேன், அந்த ஜன்னல் மூடியும் இருக்கு, புதுசா வேலைக்கு வர்ற பசங்ககிட்ட பஞ்சோட சேத்து அப்படியே காட்டுறதுக்கு.